நிற்பது வேறு, முடிவது வேறு!



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டுப் பேரவைச் செயலாளர் எங்கள் வகுப்புக்கு வந்தார். "இளைஞர் சக்தி, வரதட்சணை, தமிழின் பெருமை... ஏதாவது எழுதுப்பா" என்றார். "டி.வி. சீரியல் பற்றி எழுதட்டுமா?" என்று கேட்டேன். கடைசி பெஞ்சில் இருந்து ஒரே சிரிப்பு! "மாமியார் மருமகள் சண்டையை எழுது, மலர் நல்லா விக்கும்" என்று ஒருவன் கத்தினான்.

சிரிப்பதில் தப்பில்லை. நானும் பல நாள் சிரித்தவன்தான். ஆனால் என் வீட்டில் நடந்த ஒரு சின்ன விஷயம் என்னை யோசிக்க வைத்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எனக்கு ஊர் இளம்பிள்ளை. சேலைக்குப் பெயர் போன ஊர் என்பது உங்களுக்குத் தெரியும். தெருவுக்குள் நுழையும்போதே தறிச் சத்தம்தான் வரவேற்கும். அம்மாவும் அப்பாவும் கூலிக்கு விசைத்தறி ஓட்டுகிறவர்கள். 2006-ல் தொடங்கிய இலவச கலர் டி.வி. திட்டத்தில் எங்களுக்கும் ஒன்று கிடைத்தது. நான் தவழும்போதே வீட்டில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது என்றால் மிகையாகாது.

என் அம்மாயிக்கு ஒரு சீரியல் என்றால் உயிர். பெயர் வேண்டாம், விட்டுவிடுவோம். சின்ன வயசில் அம்மாவைத் தொலைத்த ஒரு பெண், அந்த அம்மாவைத் தேடுவதுதான் கதை. ரெண்டு வருசத்துக்கு மேல் பார்த்துச்சு. ஒருநாள் அந்த சீரியல் திடீரென்று நின்றுபோச்சு. கடைசி நாள் அவசர அவசரமாய் ஒரு கல்யாணம், எல்லோரும் சிரித்து நின்ற ஒரு போட்டோ, அவ்வளவுதான். தேடிய அம்மா என்ன ஆனார் என்று யாரும் சொல்லவில்லை. மறுநாள் அதே நேரத்துக்கு அம்மாயி பாயைப் போட்டு உக்காந்துச்சு. வேற சீரியல் ஓடுது. "கேபிள்காரன் மாத்திப் போட்டுட்டான் போலிருக்கு, போயி கேட்டுட்டு வா சாமி" என்றது என்னிடம்.

ஒரு வாரம் இதே கேள்விதான். "அந்தப் புள்ள அவங்கம்மாவைப் பாத்தாளா, இல்லியா?"

என்ன சொல்வது? கடைசியில் நானே ஒரு முடிவைச் சொன்னேன். "பாத்துட்டாங்க அம்மாயி. பஸ் ஸ்டாண்டுல ரெண்டு பேரும் கட்டிப்புடிச்சு அழுதாங்க. நீ தூங்கிட்ட, நான் பாத்தேன்." அம்மாயி தலையாட்டிச்சு. "அதான பாத்தேன், பெத்த வயிறு உட்டுருமா" என்றது. போன வருசம் அம்மாயி காலமாகிவிட்டது. நான் சொன்ன அந்தப் பொய் முடிவோடுதான் போச்சு.

நண்பர்களே! ரெண்டு வருசம் ஒரு பாட்டியின் சாயங்காலத்தை வாங்கிக்கொண்டவர்கள், அவளுக்கு ஒரு முடிவைக் கொடுக்கக் கடமைப்பட்டவர்களா, இல்லையா? இதுதான் என் கேள்வி.

* * *

சரியான நேரத்தில் முடிந்த தொடர்கள் என்று எதைச் சொல்வது? "சீக்கிரம் முடிஞ்சா நல்ல சீரியல், இழுத்தா கெட்ட சீரியல்" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு கதை முதல் வாரத்தில் நம் முன்னால் ஒரு கேள்வியை வைக்கிறது. அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும் நாள்தான் அது முடிய வேண்டிய நாள். அதற்கு முன்னால் போனால் அது நின்றுபோனது. அதைத் தாண்டிப் போனால் இழுத்தது. இதுதான் என் கணக்கு.

முதலில் நம் அப்பா அம்மா காலத்துக்குப் போவோம். தூர்தர்ஷன் மட்டும் இருந்த காலம். தொடர்களுக்குப் பெரும்பாலும் 13 வாரக் கணக்கில்தான் அனுமதி. வாரம் ஒன்று என்றால் 13 வாரம் கால் வருடம். எத்தனை வாரத்தில் சொல்லி முடிப்பது என்று யோசித்துத்தான் கதையே எழுத வேண்டும். 1987-ல் சங்கர் நாக் இயக்கிய 'மால்குடி டேஸ்' ஒரு நல்ல உதாரணம். ஆர்.கே.நாராயண் எழுதிய கதைகள், 39 வாரம். பெரும்பாலும் ஒரு வாரத்திலேயே ஒரு கதை ஆரம்பித்து முடிந்துவிடும். முடிந்த கதை மனசில் நிற்கும். இன்றைக்கும் அதைப் பேசுகிறார்கள் என்றால் காரணம் அதுதான்.

அதே 1987 ஜனவரியில் ராமானந்த சாகரின் 'ராமாயணம்' தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவே வெறிச்சோடிவிடும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். முதலில் 52 வாரம் என்றுதான் திட்டம். மக்கள் ஆதரவால் 78 வாரமாகி, 1988 ஜூலையில் பட்டாபிஷேகத்தோடு முடிந்தது. ராமன் ஊர் திரும்பினான், முடி சூடினான். எல்லோருக்கும் இது சரியான முடிவாகத்தான் தோன்றும்.

ஆனால் வடக்கே சிலருக்கு அப்படித் தோன்றவில்லை. வால்மீகியைத் தங்கள் முன்னோராக வணங்கும் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஊர்களில் குப்பை அள்ள ஆள் இல்லை. அவர்கள் கேட்டது என்ன? சீதையைக் காத்து, லவனையும் குசனையும் வளர்த்தவர் வால்மீகி முனிவர். அந்தக் கதையைச் சொல்லாமல் எப்படி முடிக்கலாம் என்பதுதான். பிறகு அந்தக் கதையும் தனித் தொடராக வந்தது.

கவனியுங்கள் நண்பர்களே! அரண்மனைக்கு முடிந்த கதை, குப்பை அள்ளுகிறவனுக்கு முடியவில்லை. முடிவு எங்கே என்பதை எடுத்தவர் மட்டும் தீர்மானிக்க முடியாது. பார்க்கிறவனுக்கும் அதில் பங்கு உண்டு. என் அம்மாயி வேலைநிறுத்தம் செய்யவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

* * *

1993 ஏப்ரல் 14-ல் சன் டி.வி. வந்தது. தமிழ் வீடுகளில் சாயங்காலமே மாறிப்போச்சு. 1990-களின் பின்பாதியில் வந்த 'மர்மதேசம்' வரிசையை இன்றைக்கும் நம் ஹாஸ்டலில் செல்போனில் பார்க்கிறார்கள். அதில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி, நாகா இயக்கிய 'விடாது கருப்பு' ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறது. தப்பு செய்கிறவர்களைக் கருப்பசாமி தண்டிக்கிறார் என்று ஓர் ஊர் நம்புகிறது. தண்டிப்பது சாமியா, மனுசனா? விடை தெரிந்தது, கதை முடிந்தது. அடுத்து 'மர்மதேசம்' என்ற பெயரிலேயே வேறு ஊர், வேறு ஆட்கள், வேறு கேள்வி. பெயர் தொடர்ந்தது, கதை முடிந்துவிட்டது!

பிறகு மெகா சீரியல் காலம். 1999 டிசம்பரில் ராதிகாவின் 'சித்தி' ஆரம்பித்து 2001 நவம்பரில் முடிந்தது. தினம் ஒன்று, 467 நாள். மாற்றாந்தாய் என்றாலே கொடுமைக்காரி என்று கேட்டுப் பழகிய வீடுகளில் "சித்தியும் அம்மாவாக முடியுமா?" என்று கேட்ட கதை. முடியும் என்று சொல்லிவிட்டு முடிந்தது. 2020-ல் 'சித்தி 2' வந்தது. நடுவிலேயே ராதிகா விலகிவிட்டார், தொடர் மட்டும் 2022 வரை ஓடியது. சித்தி இல்லாத 'சித்தி'! ஒரு நல்ல முற்றுப்புள்ளிக்குப் பக்கத்தில் இன்னொரு புள்ளி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

'மெட்டி ஒலி' 2002 ஏப்ரல் முதல் 2005 அக்டோபர் வரை 811 நாள். திருமுருகன் இயக்கியது. ஒரு அப்பா, ஐந்து பெண்கள். ஐந்து பேரையும் கரையேற்ற முடியுமா? இந்தக் கேள்விக்கு 811 நாள் அதிகமா? எங்கள் தெருவில் ரெண்டு பெண்ணைப் பெற்ற அப்பாக்களைக் கேளுங்கள், கம்மி என்பார்கள்! ஆகவே எண்ணிக்கையை வைத்துக் குறை சொல்லாதீர்கள்.

திருச்செல்வம் இயக்கி, தேவயானி நடித்த 'கோலங்கள்' 2003 முதல் 2009 வரை 1,533 நாள். அரை மணி நேரம் என்று வைத்தால் சுமார் 766 மணி நேரம். எட்டு மணி நேர ஷிப்ட் கணக்கில் 96 ஷிப்ட்! தன் உழைப்பால் மேலே வரப் பார்க்கும் ஒரு பெண்ணின் கதை என்பதால்தான் அம்மாக்கள் அத்தனை ஷிப்ட்டும் கொடுத்தார்கள். அதில் எத்தனை ஷிப்ட் கதைக்கு, எத்தனை ஷிப்ட் இழுப்புக்கு என்பதை அவர்களே சொல்லட்டும்.

அதே திருச்செல்வத்தின் 'எதிர்நீச்சல்' 2022 பிப்ரவரியில் வந்தது. வீட்டுப் பெண்களை வாசல் தாண்ட விடாத ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் மறைந்தார். அன்றைக்கு எங்கள் பட்டறையில் பெண்கள் அழுததை என் கண்ணால் பார்த்தேன். வேறு நடிகரோடு தொடர்ந்து 2024 ஜூனில் முடித்தார்கள். "நல்ல வேளை, பேர் கெடாம முடிச்சாங்க" என்றார் அம்மா. அதே டிசம்பரில் 'எதிர்நீச்சல் தொடர்கிறது' என்று வந்துவிட்டது. "அப்ப அந்தப் பொண்ணுங்க ஜெயிச்சது பொய்யா?" என்று அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

வெளிநாட்டிலும் இந்தக் கதைதான். நம் பசங்க விடிய விடியப் பார்க்கும் 'பிரேக்கிங் பேட்' 2008 முதல் 2013 வரை 62 பகுதிகள். பார்க்கிறவர் கூட்டம் உச்சத்தில் இருந்தபோதே முடித்தார்கள். இங்கிலாந்தின் 'ஃபால்ட்டி டவர்ஸ்' 1975-ல் ஆறு, 1979-ல் ஆறு, ஆக 12 தான். 12-ம் சரி, 811-ம் சரி. விடை சொன்னார்களா என்பதுதான் கேள்வி.

* * *

அப்படியானால் ஏன் இழுக்கிறார்கள்? காரணம் பணம். சில வீடுகளில் மீட்டர் வைத்து யார் எதைப் பார்க்கிறார்கள் என்று வாராவாரம் கணக்கு எடுக்கிறார்கள். அந்த எண் ஏறினால் விளம்பரக் காசு ஏறும். எண் நன்றாக இருக்கும்வரை கதை செத்தாலும் சீரியல் சாகாது. எண் இறங்கினால் கதை உயிரோடு இருக்கும்போதே சீரியல் செத்துவிடும். என் அம்மாயி பார்த்த சீரியலுக்கும் அப்படித்தான் ஆகியிருக்கும்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஒரு சீரியலை நம்பி லைட் பிடிப்பவர், மேக்கப் போடுபவர், சாப்பாடு போடுபவர் என்று எத்தனையோ குடும்பங்கள். பாவு தீர்ந்தால் எங்கள் வீட்டில் அடுப்பு என்ன ஆகும் என்று தெரிந்தவன் நான். அதனால் "உடனே நிறுத்து" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

"இந்த அம்மாக்களுக்கு வேற வேலை இல்ல, ஒரே மூஞ்சிய மூணு தடவை காட்டுனாலும் பாக்கறாங்க" என்று நம்மில் சிலர் கிண்டல் செய்கிறோம் அல்லவா? நானும் ஒருநாள் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அம்மா சிரித்தார். "டேய், தறி ஓடறப்ப வசனம் எங்கடா கேக்குது? மூஞ்சியப் பாத்துத்தான் கதை. நூல் அறுந்தா எந்திரிச்சுப் போயி முடிஞ்சுட்டு வரணும். அவங்க மூணு தடவை காட்டுனாத்தான் நான் ஒரு தடவையாவது பாக்க முடியும்!"

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருசம் அம்மா சத்தமே இல்லாத சீரியல் பார்த்திருக்கிறார்! 2020 ஊரடங்கில் தறி எல்லாம் நின்றது. படப்பிடிப்பும் நின்றதால் 'மெட்டி ஒலி'யை மறுபடி போட்டார்கள். கையில் காசில்லை, வீட்டில் கவலை. ஆனால் அந்த நாட்களில்தான் அம்மா வசனம் கேட்டு ஒரு சீரியலைப் பார்த்தார். முடிவு தெரிந்த கதைதான். தெரிந்தும் பார்த்தார். சரியான இடத்தில் முடிந்த கதைக்கு இதுதான் பரீட்சை என்று நினைக்கிறேன். அதை மறுபடி முதலில் இருந்து பார்க்கலாம்.

கிண்டல் செய்தவனுக்கு அம்மா ஒரு பாடமும் நடத்தினார். "ஒரு பாவுல எத்தனையோ சேல ஓட்டறோம். நூல் ஒண்ணுதான். ஆனா ஒவ்வொரு சேலைக்கும் அளவு வந்ததும் முந்தி போடணும். முந்தி போட்டாத்தான் அது சேல. போடாம ஓட்டிக்கிட்டே போனா அது வெறும் துணி. அறுந்து நின்னுபோச்சுன்னா வேஸ்ட்டு."

நான் மூன்று வருடம் மெக்கானிக்கல் படித்து இதை இவ்வளவு தெளிவாகச் சொல்ல முடியவில்லை! தறியில் ஒரு சின்ன ஏற்பாடு உண்டு. ஊடை நூல் அறுந்தாலோ தார் தீர்ந்தாலோ தறி தானாக நின்றுவிடும். அது வேலை செய்யாவிட்டால் தறி ஓடும், நாடா போகும் வரும், சத்தம் வரும், கரண்ட் செலவாகும், துணி மட்டும் விழாது. கதை தீர்ந்த பிறகும் ஓடும் சீரியல் அதுதான்.

சேனல்காரர்களுக்கு என் வேண்டுகோள் இவ்வளவுதான். பாவு உங்களுடையது, எவ்வளவு வேண்டுமானாலும் ஓட்டுங்கள். தொழிலாளிக்கும் வேலை இருக்கட்டும். ஆனால் ஒவ்வொரு கதைக்கும் ஒரு முந்தி போடுங்கள். விடை சொல்லி முடித்துவிட்டு, அடுத்த கதையை ஆரம்பியுங்கள். எண் இறங்கி நிறுத்தத்தான் வேண்டும் என்றால், முதல் நாள் கேட்ட கேள்விக்கு மட்டுமாவது பதில் சொல்ல ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

* * *

நிற்க. நமக்கு வருவோம். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் எதையும் படித்து முடித்ததில்லை. அப்பா எட்டாவதில் பாதி. அம்மா ஐந்தாவது. பெரியப்பா பையன் பிளஸ் டூ பரீட்சைக்கு முன்னால் தறிக்குப் போய்விட்டான். யாரைக் கேட்டாலும் "படிப்பு நின்னுபோச்சு" என்பார்கள். "முடிச்சேன்" என்று சொன்னவர் ஒருவர்கூட இல்லை. என் அம்மாயியின் சீரியல் மாதிரி, கேள்வி அப்படியே இருக்க, நடுவில் நின்றுபோன படிப்புகள்.

நம் கல்லூரியிலும் பார்க்கிறேன். அரியர் நாலு சேர்ந்ததும், "கம்பெனிக்குப் போறேன், அப்புறம் எழுதிக்கலாம்" என்று கிளம்பும் நண்பன் இருக்கிறான். அவன் கதை 'கோலங்கள்' ஆகிவிடுகிறது. ஆறு செமஸ்டரில் முடிய வேண்டியது ஆறு வருடம் ஓடுகிறது. சிலருக்கு ஓடாமலே நின்றுவிடுகிறது. வீட்டுக் கஷ்டம் எனக்கும் தெரியும், அறிவுரை சொல்லும் தகுதி எனக்கில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். நம்மை இங்கே அனுப்பிவிட்டு வீட்டில் ஒருத்தி காத்திருக்கிறாள். "என் புள்ள என்ன ஆனான்?" என்பதுதான் அவள் கேள்வி. அதற்கு யாராவது பொய் முடிவு சொல்லும்படி வைக்கலாமா?

அடுத்து லேட்டரல் என்ட்ரியில் பி.இ. போவதா, வேலைக்குப் போவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அப்பா தினமும் "எப்பதான்டா முடியும்?" என்று கேட்கிறார். அது வேறு சேலை, அப்புறம் பார்க்கலாம். இந்தச் சேலைக்கு ஏப்ரலில் முந்தி போட்டாக வேண்டும். எனக்குப் பாக்கி இருப்பது ஒரே ஒரு அரியர்.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். அம்மா தறியில் இருந்தார். டி.வி.யில் ஏதோ ஒரு சீரியல் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. "என்னம்மா கதை?" என்று காதருகே போய்க் கத்தினேன். "தெரியல, நேத்துத்தான் ஆரம்பிச்சாங்க" என்று திரும்பக் கத்தினார். பிறகு நூல் அறுந்தது. எழுந்து போனார். அவர் வரும்வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன், வந்ததும் சொல்வதற்காக.

– மூன்றாமாண்டு மெக்கானிக்கல் மாணவன், இளம்பிள்ளை